பாடம் சொல்லுதலும் ஊதியமும்

(வேலூர் லாங் பஜாரில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் புதியதன்று. நம் வீடுகள்தோறும் மாதக் கடைசியில் பேசப்படுவதேயாம். வீட்டில் தாழ்ந்த குரலில் பேசப்படுவதை அவையில் உரத்துப் பேசினாலன்றி அதற்கு ஒரு வழி பிறவாது என்று கருதியே தலைவர் அவர்களிடம் அனுமதி பெற்று நிற்கின்றோம். இசைத் தொழிலால் வாழ்பவன் கச்சேரியால் வாழ்வது எங்ஙனம், பாடம் சொல்லி வாழ்வது எங்ஙனம், இவ்விரண்டில் எது எதனைத் தாங்குகின்றது என்பதே பொருள்.

முதலில் நம் பேச்சு வழக்கைப் பாருங்கள். மேடையில் அமர்ந்து வாசிப்பவரை வித்துவான் என்கிறோம். அவரே மறுநாட் காலையில் ஒரு கடையின் மேல்மாடிப் படியேறிக் குழந்தைக்குச் சரளி வரிசை சொல்லப் புகும்போது பாட்டு வாத்தியார் ஆகிவிடுகின்றார். மனிதர் ஒருவரே, வித்தையும் ஒன்றே. படி ஏற ஏற மதிப்பு மட்டும் இறங்குகின்றது. இதனைப் பிறர் செய்தாலும் பொறுக்கலாம். "கச்சேரி கிடைக்கவில்லை, அதனால் பாடம் சொல்லிப் பிழைக்கிறான்" என்று நம்மவர்களே கூறக் கேட்டிருக்கின்றோம். திருமணப் பேச்சில் பெண் வீட்டார் முதலில் வினவுவதும் மாப்பிள்ளைக்கு எத்தனை கச்சேரி என்பதே. எத்தனை மாணாக்கர் என்று வினவுவார் இல்லை. இவ்வெண்ணம் நம் குலத்து இளைஞரை வித்தையினின்றே விலக்கிவருகின்றது. நாயனக்காரர் வீட்டுப் பிள்ளை ஆம்பூரில் காலணி ஆலைக்கு முறைவேலைக்குச் செல்கின்றான். அத்தொழிலை யாம் குறை கூறவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற ஒரே உறுதிதான் அவனை அங்கே இழுத்தது. அவ்வுறுதியை நம் வித்தையும் தரக்கூடும். அதனை நாம் இன்னும் கேட்டு வாங்கவில்லை.

நம் ஊரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். காவிரிக் கரையில் நம்மவர்க்குக் கோயில் உண்டு, கோயிலில் முறை உண்டு, முறைக்கு மானிய நிலம் உண்டு என்பது பழைய வழக்கு. நாயனமும் தவிலும் ஆறு காலமும் ஒலித்தமையால் வித்துவானுக்கு ஒரு பிடி நெல்லாவது உறுதியாயிற்று. வேலூரின் கதை வேறு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் ஆலயத்தின் கல்யாண மண்டபத் தூண்களைக் காண எங்கெங்கிருந்தோ மக்கள் வருகின்றனர். விசயநகர காலத்துச் சிற்பிகள் அவ்வளவு செய்தும், அவ்வாலயத்தில் நெடுங்காலம் வழிபாடு இல்லை. 1981ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் கொண்டுவரப்பட்டு மீண்டும் பூசை தொடங்கிற்று. அதுவரையில் ஊரின் தலைமைக் கோயிலில் மேளத்திற்கு வேலையே இல்லை. ஆகவே இத்தெருவில் வாழ்ந்த கலைஞனுக்கு நம்பிக்கை இரண்டே: ஒன்று முகூர்த்தம், மற்றொன்று மாணாக்கர்.

முகூர்த்தத்தின் கணக்கு யாவரும் அறிந்ததே. ஆடியில் இல்லை, புரட்டாசியில் இல்லை, மார்கழியில் இல்லை. பங்குனியையும் சிலர் விலக்குவர். எஞ்சிய மாதங்களிலும் முகூர்த்த நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நெருக்கும். ஒரே நாளில் நால்வர் அழைப்பர்; பிறகு பன்னிரண்டு நாட்கள் ஒருவரும் அழையார். இப்போது கேரளத்துச் செண்டை மேளமும் வந்துவிட்டது. பெட்டியில் பாட்டை அடைத்துக்கொண்டு வந்து மண்டபம் அதிர ஒலிப்பிப்போரும் வந்துவிட்டனர். தாலி கட்டும் கணத்தில் மட்டும் கெட்டி மேளம் வேண்டும் என்று நம்மை அழைத்து, மற்ற நேரம் ஓரத்தில் அமர்த்தும் திருமணங்களைக் கண்டுவருகின்றோம். மார்கழியில் சென்னையில் சபைகள் நிறையக் கச்சேரி நடப்பது உண்மையே. அங்கே இடம் பெறுவோர் எத்தனை பேர்? பெற்றவரும் அம்மேடையில் புகழைத்தான் பெறுகின்றார்; தை மாதத்து மளிகைக் கடனை அப்புகழ் அடைப்பதில்லை.

இனி மாணாக்கர். பாடம் சொல்லுதல் நம் பக்கத்தில் எவ்வளவு உயர்ந்த நிலையில் இருந்தது என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். இங்கிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் சென்றடையும் வாலாஜாபேட்டை, 2019இல் மாவட்டம் பிரிந்தபின் இராணிப்பேட்டையைச் சேர்ந்தது. அவ்வூரில் வாழ்ந்த வேங்கடரமண பாகவதர் தியாகராச சுவாமிகளின் நேர்ச் சீடர், சௌராஷ்டிர குலத்தவர். ஆசிரியரின் கீர்த்தனைகளை ஓலையிலும் தாளிலும் எழுதிக் காத்தவர்கள் அவரும் அவர் மகனாரும். அவ்வேடுகள் இன்றும் மதுரையில் உள. மைசூர் அரசவையை அணி செய்த சதாசிவ ராவ், வாலாஜாபேட்டைக்கு வந்து பாடம் கேட்டவரே. பாகவதர் எத்தனை சபைகளில் பாடினார் என்று இன்று ஒருவரும் கேட்பதில்லை. எழுதிவைத்ததாலும் பாடம் சொன்னதாலும் அவர் பெயர் நிற்கின்றது.

காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளை அவர்கள் நம் குலத்துக்கு மணி. 1889இல் தோன்றி 1934இல் மறைந்தவர். தனகோடி அம்மாளின் குடும்பத்தவர். லயத்தில் அவருக்கு ஒப்பாரில்லை என்றனர். பக்க வாத்தியங்களை வரிசையாக அமர்த்தி அவர் பாடிய கச்சேரிகளைக் கேட்டவர்கள் ஆயுள் முழுதும் அதனையே பேசினர். இசைத்தட்டில் அவர் பாடவே இல்லை. ஆகையால் அவர் குரலை நாம் ஒருவரும் கேட்டதில்லை. ஆயினும் அவர் பாடாந்தரம் எங்கே போயிற்று? வீணை தனம்மாளின் பேத்தியர் பிருந்தாவும் முக்தாவும் சிறுமியராய் இருந்தபோதே அவரிடம் பயின்றனர். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவரிடம் பயின்று 1954இல் சங்கீத கலாநிதி ஆனார். அவரிடம் குருகுலவாசம் செய்தவர் மதுரை சோமு. மேடையில் பாடியது காற்றோடு போயிற்று. பாடமாகச் சொன்னது மூன்று தலைமுறை வந்தது. பாடம் சொல்லுவதைத் தாழ்வு என்பார் இதற்கு என்ன விடை கூறுவர்?

குருகுலத்தைப் புகழ்வது எளிது. அதன் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. மாணவன் ஆசிரியர் வீட்டில் தண்ணீர் சுமந்தான், தம்பூராவைத் தூக்கினான், காலை நான்கு மணிக்கு எழுந்து அகார சாதகம் செய்தான். அவனுக்குச் சோறு எங்கிருந்து வந்தது? தியாகராசர் உஞ்சவிருத்தி எடுத்துச் சீடர்க்கும் அமுதிட்டார் என்று மரபு கூறும். பிற்காலத்து வித்துவான்கள் தம் கச்சேரி வருவாயிலும், ஜமீன்களும் செல்வரும் தந்த சம்பாவனையிலும் மாணாக்கரைக் காத்தனர். அஃதாவது, அக்காலத்தில் கச்சேரி பாடத்தைத் தாங்கிற்று. ஜமீன் போயிற்று, மானியம் போயிற்று. இன்று நம்மைப் போன்ற சிற்றூர்க் கலைஞர்க்குப் பாடந்தான் கச்சேரியைத் தாங்கவேண்டும். மாதம் தவறாது வரும் பாட ஊதியம் இருந்தால், "இந்தத் தொகைக்கு வாசிக்க மாட்டேன்" என்று ஒரு திருமண வீட்டாரிடம் தலை நிமிர்ந்து கூறலாம். அவ்வூதியம் இல்லாதவன் எத்தொகைக்கும் தலையசைப்பான். அவன் தலையசைத்தால் அடுத்தவன் விலையும் விழும். யாம் இங்கே வற்புறுத்த வந்தது இது ஒன்றே.

ஊதியத்தை எப்படிக் கேட்பது? இங்கேதான் நம் நாக்கு ஒட்டிக்கொள்கின்றது. லாங் பஜார் வணிகர்களின் தெரு. அரிசி மூட்டைக்கு விலை உண்டு, மிளகாய்க்கு விலை உண்டு, அதனை இறக்கும் கூலிக்கும் விலை உண்டு; காலையில் வந்தவுடன் விலையைக் கூறிவிட்டுத்தான் பேசத் தொடங்குவர். அதே வீட்டு மாடியில் நாம் சென்று, "தங்களுக்குத் தோன்றியதைக் கொடுங்கள்" என்கின்றோம். தோன்றியதைக் கொடுப்பர், தோன்றாத மாதத்தில் கொடார். இதில் அவர்கள் மேல் குற்றம் என்ன? சில ஆண்டுகளுக்கு முன் யாம் பாடம் சொன்ன ஒரு வீட்டில் பால்காரர்க்கு முதல் தேதி, செய்தித்தாள் போடுவோர்க்கு ஐந்தாம் தேதி, பாட்டுக்கு இருபதாம் தேதி என்று ஒரு முறை இருந்தது. நவராத்திரியன்று தாம்பாளத்தில் வேட்டியும் பழமும் வைத்து வணங்கிக் கொடுத்தனர். மனம் குளிர்ந்து வீடு திரும்பினோம். அம்மாத ஊதியம் அவ்வேட்டியோடு அடங்கிவிட்டது என்பது அடுத்த மாதந்தான் விளங்கிற்று. அவ்வீட்டார் நல்லவரே. விலை கூறாத சரக்கை எவ்விதம் வாங்குவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆகையால் முதல் நாளே கூறிவிடுதல் வேண்டும். மாதத்துக்கு எத்தனை வகுப்பு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், ஊதியம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதை வாயாற் கூறினால் போதாது. ஒரு சிறு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். குழந்தை வாராத நாளுக்குக் கழிவு இல்லை. நாம் முகூர்த்தத்துக்குச் சென்றதால் விட்ட வகுப்பை மட்டும் நாம் ஈடு செய்து தருவோம் என்று எழுதுங்கள். நேர்மை இரு பக்கமும் இருந்தால் ஒருவரும் சினவார். பெற்றோர் மாசி பிறந்தவுடன் "பரீட்சை வருகிறது, முடிந்தபின் வருகிறோம்" என்று நிறுத்திவிடுவதையும் முன்கூட்டியே பேசிவிடுதல் நன்று. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் ஆசிரியனின் அடுப்பைப் பல வீடுகளில் அணைத்துவிட்டன. அம்மாதங்களில் வாரத்துக்கு ஒரு வகுப்பும் பாதி ஊதியமும் என்று ஒரு வழி வைத்தால், குழந்தைக்கும் பாடம் மறவாது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. இருபது மாணாக்கர், ஒருவர்க்கு மாதம் ரூ.600 என்று வைத்துக்கொள்வோம், மாதம் ரூ.12,000 ஆகின்றது. ஆடியும் மார்கழியும் இதனைத் தொடா. பெருஞ்செல்வம் அன்று, ஆனால் வாடகையும் பள்ளிக் கட்டணமும் இதில் அடங்கினால், முகூர்த்த வருவாய் சேமிப்பாகும். இருபது பேரையும் தனித்தனியே நடத்தினால் குரலும் நாளும் போய்விடும். மூவர் மூவராகச் சேர்த்து அமர்த்துங்கள். வர்ணம் வரையில் கூட்டமாகப் பாடுவதால் கேடில்லை, தாளம் நிற்க அது நல்லதுங்கூட.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. நாள் முழுதும் சரளி, ஜண்டை என்று கீழ்ப்படியிலேயே நிற்கும் ஆசிரியனின் சொந்த வித்தை தேய்ந்துபோகும். விடியற்காலை இரண்டு மணி நேரத்தை எந்த மாணவர்க்கும் விற்காதீர்கள். அது நம் சாதகத்துக்கு உரியது. கச்சேரியை அடியோடு விட்ட ஆசிரியனிடம் மாணவன் நெடுநாள் தங்கான் என்பதையும் கண்டிருக்கின்றோம். மேடையில் ஆசிரியர் ஒரு சங்கதியை மாற்றிப் போடுவதைக் கண்ட பிள்ளை, மறுநாள் பாடத்துக்கு வரும்போதே வேறு முகத்தோடு வருகின்றான்.

இனிச் சற்றுக் கசப்பான ஒன்றையும் கூறிவிடுகின்றோம். நாம் தோல் நகரத்தில் வாழ்கின்றோம். இங்கே தொழிற்சாலையில் பதனிட்ட தோல் காலணிக்கும் பைக்கும் ஆகும், மிருதங்கத்துக்கு ஆகாது. பதனிட்டால் தோலின் நாதம் அடங்கிவிடும். மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், வாருக்கு எருமைத்தோல் என்று தேர்ந்து, உலர்த்தி, மூட்டி, வலந்தலைக்குச் சோறு போட்டுச் சுருதி வரச் செய்பவர் வேறு ஒரு வித்துவான். பாலக்காடு மணி ஐயரின் வாத்தியத்தைத் தஞ்சைச் செபஸ்தியான் குடும்பத்துப் பர்லாந்து என்பவர் செய்து தந்தார். அக்குடும்பத்தாரைப் பற்றி 2020இல் பாடகர் டி. எம். கிருஷ்ணா ஒரு நூலே எழுதினார். நம் இடையில் மூட்டு மாற்றக் கொடுத்துவிட்டு, அவர் கூறும் கூலியில் பாதிக்குப் பேரம் பேசும் வழக்கம் உண்டா இல்லையா? நம் பாட ஊதியத்தை ஒருவர் குறைத்தால் நமக்கு வரும் சினம், அவர்க்கும் வரும். அவர் வீட்டுத் திண்ணைக்கு வெளியே நின்று வேலை வாங்கிவந்த காலத்தை அவர்கள் மறக்கவில்லை, நாமும் மறக்கலாகாது.

யாருக்குப் பாடம் சொல்வது என்ற வினாவும் நம் சங்கத்தில் எழுந்தது. நம் குலத்தார்க்கு மட்டும் என்பாரும் இருக்கின்றனர். அவர்கள் நாதசுர மேதை ஷேக் சின்ன மௌலானா அவர்களை நினைத்துப் பார்க்கட்டும். ஆந்திர நாட்டில் பிறந்த இசுலாமியர். தஞ்சைப் பாணி வேண்டும் என்று நாச்சியார்கோயில் இராஜம் பிள்ளை, துரைக்கண்ணு பிள்ளை சகோதரரை அடைந்து கற்றார். பின்னர்த் திருவரங்கத்திலேயே தங்கி, அங்கே நாதசுரப் பயிற்சிக்கு ஓர் ஆசிரமமும் நிறுவினார். 1998இல் சங்கீத கலாநிதி ஆனார். மறு ஆண்டு மறைந்தார். நாச்சியார்கோயில் சகோதரர் அன்று கதவை அடைத்திருந்தால், அப்பாணியின் ஒரு கிளை முளைக்காமலே போயிருக்கும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இசுலாமிய அன்பர் வீட்டுக் குழந்தை பாட்டுக் கற்க வந்தால் முகமலர்ந்து அமர்த்துங்கள்.

நம் பெண் மக்களைப் பற்றிப் பேசாமல் இதனை முடிக்க இயலாது. தாய்மார்கள் பொறுத்தருள்க. 1929ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் கோயிற்பணி மானியம் பெண்களின் சொந்தப் பட்டாவாயிற்று. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தையே நீக்கிற்று. நீங்கியது நன்றே. ஆனால் அவ்வழக்கத்தின் பழிச்சொல்லுக்கு அஞ்சி, நம் குடும்பங்கள் பல பாட்டையும் சேர்த்தே பெண்களிடமிருந்து விலக்கிவிட்டன. பெண் குழந்தை வாய் திறந்து பாடினால் பாட்டி அதட்டிய வீடுகள் உண்டு. அவ்வச்சத்தின் காரணம் அறியாதவர் இவ்வவையில் இல்லை. நாம் கீழே வைத்ததைப் பிறர் எடுத்துப் போற்றினர். அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. தனம்மாள் குடும்பம் மட்டும் விடவில்லை. பிருந்தா அம்மாள் பதமும் சாவளியும் சொல்லக் கேட்க இராமநாதபுரம் கிருஷ்ணன் போன்ற வித்துவான்கள் அவர் வாயிலுக்கு வந்தனர். தனம்மாளின் பேரன் இரங்கநாதன் 1963 முதல் அமெரிக்க நாட்டு வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். தம்பி விசுவநாதன் அங்கேயே நெடுங்காலம் பாட்டும் குழலும் கற்பித்து 2002இல் மறைந்தார். விசுவநாதனிடம் கற்ற வெள்ளையர் ஒருவரே ஹிக்கின்ஸ் பாகவதர் என்று நம்மவர் கொண்டாடிய ஜான் ஹிக்கின்ஸ். அங்கே அவர்களை யாரும் பாட்டு வாத்தியார் என்று குரல் தாழ்த்திக் கூறவில்லை. பேராசிரியர் என்றனர், மாதச் சம்பளம் தந்தனர். பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லத் தம் வீட்டுப் பெண் ஆசிரியரைத் தேடும் தாய்மார் இக்கடைத்தெருவில் மிகப் பலர். அவ்விடத்தை நம் மகளிர் ஏற்பதில் என்ன தடை?

அரசினர் நடத்தும் மாவட்ட இசைப் பள்ளிகளில் நாதசுரம், தவில், தேவாரம், குரலிசை முதலியவற்றை 3 ஆண்டு கற்றுச் சான்றிதழ் பெறலாம். வீட்டிலேயே கற்ற பிள்ளைகளும் அச்சான்றைப் பெற்றுவைப்பது பள்ளிக்கூட வேலைக்கு உதவும். தொலைபேசித் திரையில் முகம் பார்த்து அயல்நாட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்வோர் நம்மிலும் சிலர் உளர். குரல் சற்றுப் பிந்தி வருவதால் சேர்ந்து தாளம் போட இயலாது. ஆசிரியர் பாடி நிறுத்த, குழந்தை பின் பாடவேண்டும். அக்குறை பொறுக்கத்தக்கதே.

வேலூரில் பிறந்து மிருதங்கத்தில் பெரும்பெயர் பெற்ற இராமபத்திரன் அவர்கள் முதற் பாடம் கேட்டது தம் தந்தையாரிடமே. அவர் 2004இல் சங்கீத கலாநிதி ஆனபோது இவ்வூர்ப் பெயரும் அவரோடு மேடையேறிற்று. 2012இல் அவர் மறையும்வரை 'வேலூர்' என்பது அவர் பெயரின் முன்னே நின்றது. நம் ஊரில் இசைக்கு மண் இல்லை என்பார் இதனை நினைக்க.

முடிவாக இச்சங்கத்தாரை யாம் வேண்டுவன சில. மாடி வீட்டில் நாயனம் ஊதினால் கீழ்க்கடையில் வணிகம் நடவாது. நம் பிள்ளைகள் நாயனத்தை விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகையால் இம்மண்டபத்தைக் காலை ஆறு முதல் எட்டு வரை நாதசுரம், தவில் வகுப்புக்கு வாடகையின்றி விடுதல் வேண்டும். ஊதிய விவரம் எழுதிய தாள் ஒன்றை நம் ஆசிரியர் அனைவர்க்கும் பொதுவாக அச்சிட்டுத் தருதல் வேண்டும். தனி ஒருவன் கேட்டால் பேராசை என்பர், சங்கத்தின் தாளைக் காட்டினால் வழக்கம் என்பர். முதிர்ந்த ஆசிரியர்க்கு அரசினர் தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுக்க ஓர் இளைஞரை அமர்த்துங்கள். அதற்கு 'நலிந்த கலைஞர்' என்று பெயர் வைத்திருக்கின்றனர். அச்சொல்லைக் கண்டே விண்ணப்பிக்காமல் இருக்கும் பெரியவர் நம்முள் உளர். அவர்களிடம் சென்று பேசுவோர்க்குப் பொறுமை வேண்டும்.

பாடம் சொல்ல இசைவோர், ஆண் பெண் இருபாலாரும், தம் பெயரையும் எந்த வாத்தியம் என்பதையும் இன்றே காரியதரிசி அவர்களிடம் எழுதிக்கொடுத்துச் செல்க. வகுப்பு தை முதல் வாரத்தில் தொடங்கலாம் என்று எண்ணுகின்றோம்; முகூர்த்த நாட்களை விலக்கி அட்டவணை போடவேண்டியிருப்பதால், கையில் பஞ்சாங்கம் உள்ளவர் சற்று இருந்து உதவுக.